வேலைநிறுத்தத்துக்கும் நாள் நட்சத்திரம்

இத்தாலியில் ரயிலும் விமானமும் திடுதிப்பென்று நிற்பதில்லை. நாள் குறித்து, ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் நிற்கின்றன. 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டப்படி, வேலைநிறுத்தத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு வேண்டும். போக்குவரத்து அமைச்சகமே அந்தத் தேதிகளை முகூர்த்தப் பட்டியல் போல வெளியிடுகிறது. முகூர்த்தம் அடிக்கடி வெள்ளிக்கிழமையில் அமைவதற்கு அடுத்து வரும் சனி, ஞாயிறுதான் காரணம் என்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் சில ஓடியே தீர வேண்டும். அலுவலகம் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். பகல் 11 மணி வண்டிக்கு டிக்கெட் எடுத்த சுற்றுலாப் பயணிக்கோ, ரோமின் தெர்மினி நிலையத்து அறிவிப்புப் பலகைதான் அன்றைய அருங்காட்சியகம்; அனுமதி இலவசம்.

ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை விமானத் துறையில் வேலைநிறுத்தம் கூடாது. அந்த நாள்களில் விமானமும் பறக்கும், டிக்கெட் விலையும் பறக்கும்.

நஷ்டஈட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இருக்கிறது. விமான நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் நிறுத்தினால் 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கக்கூடும். வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் நிறுத்தினால் அது இல்லை. டிக்கெட் பணம் அல்லது மாற்று விமானம், காத்திருக்கும்வரை சாப்பாடு, இரவு தங்க நேர்ந்தால் அறை, அவ்வளவுதான். ஆகவே, யார் வேலையை நிறுத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டு மாட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.