பல்லுக் கட்டின உடும்பு

வாரும் மருமோன், உதில குந்தும். கம்பஸில சுரங்கம் படிச்சு முடிச்சிட்டீராம். இனிக் கல்லுக்கு வெடி வைக்கிறது பழங்காலத்து வேலையெண்டு மல்லாவிச் சந்தியில நிண்டு சொன்னீராம். சந்தோசம். வெடிச் சத்தத்தின்ர அருமையை வன்னியானுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

உம்மட சுரங்கம் குடையிற மெசினைப் பற்றி நானும் விசாரிச்சனான். முகம் முழுக்க உருளுற இரும்புப் பல்லு. ஒவ்வொண்டும் 20, 25 தொன் பாரத்தில கல்லை அமத்த, இரண்டு தடத்துக்கு நடுவில கிடக்கிறது சில்லுச் சில்லாத் தெறிக்குமாம். துளை போட்டு, மருந்து அடைச்சு, வெடிச்சு, புகை போகுமட்டும் வெளியில குந்தி வெத்திலை போடுற வேலையில்லை. பக்கத்துக் கல்லும் அவ்வளவாப் பிளக்காது. நல்ல சாமான். பல்லுத் தேஞ்சா மாத்தவேணும், அவ்வளவுதான். நான் இரண்டு பல்லுக் கட்டவே ஒரு போகத்து நெல்லு வித்தனான். அதின்ர வாய்க்கு எத்தினை வயல் வேணுமெண்டு கணக்குப் பாத்து வையும்.

கஹட்டகஹ, போகலைக் காரீயச் சுரங்கங்களுக்கு உதைக் கொண்டு போகப் போறீரோ? அங்க காரீயம் மெல்லிசா நெளிஞ்சு ஓடுது. உம்மட பெரிய மெசினோ புத்துக்குள்ள பூந்த உடும்பு. சட்டெண்டு திரும்பாது, பின்னுக்கும் வராது. வெட்டு மெசின் வந்தும் வயல் மூலைக்கு அரிவாள்தானே வேணும்?

உமா ஓயா நீர்த் திட்டத்தில 15 கிலோமீற்றருக்கு மேல நீளமான சுரங்கத்தை உந்த உடும்பை விட்டுத்தான் குடைஞ்சவை. 2014 மார்கழியில மலைக்குள்ள தண்ணி பீறிட்டு வர, மேல பண்டாரவளைச் சனத்தின்ர கிணறு வத்தி, வீட்டுச் சுவரும் வெடிச்சுது. பாரும், மருந்து வைக்காமலே சுவர் வெடிச்ச கதை! மெசினில பிழை சொல்லேல்லை. முன்னுக்குத் துளை போட்டு, தண்ணி இருந்தா சீமெந்துப் பாலால அடைச்சிட்டுப் போகலாமாம். எங்கட கிணறு வெட்டுறவன் அலவாங்கால தட்டிச் சத்தம் கேக்கிறவன். படிச்சவைக்குத் தட்டிப் பாக்க வெக்கம் போல. கடைசியில திட்டம் திறக்க 2024 சித்திரை ஆச்சு.

அதை விடும். எங்கட கிணத்தில கல்லுத் தட்டுப்படுது. இந்தக் கோடைக்குள்ள இன்னும் நாலு முழம் இறக்கவேணும். உம்மட மெசின் வட்டமாத்தான் குடையுமாம், கிணறும் வட்டந்தானே. கொண்டு வாறீரோ, இல்லாட்டி அலவாங்கை எடுத்துத் தரட்டோ?