நாலாவது கூடை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை உலுக்கியபோது, அதுவரை மனப்பாடமாகவே இருந்த புத்தர் வாக்கைப் பிக்குகள் இங்கே உட்கார்ந்து ஓலையில் எழுதினார்கள். திரிபிடகம். பிடகம் என்றால் கூடை. ஒழுக்கவிதி ஒரு கூடை, உபதேசம் ஒரு கூடை, தத்துவம் ஒரு கூடை. நடுக்கூடையின் பெயர் சுத்த பிடகம். பாளியில் அந்தச் 'சுத்த'த்துக்குப் பொருள் வேறுதான். ஆனால் தமிழ்க்காதோடு அதைக் கேட்டுவிட்டு நம் நாட்டு வடிகான் ஒன்றை எட்டிப் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும்.

வாயில் இருந்த வாக்கை ஒன்றோடொன்று கலக்காமல் மூன்று கூடையில் வைக்கத் தெரிந்த நாடு இது. இரண்டாயிரம் வருஷம் கழித்து அதற்கு வாழைப்பழத் தோலையும் யோகட் கப்பையும் பிரிக்கத் தெரியவில்லை. ஏடு உக்கிவிடும் என்று பயந்து அந்தக் காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தார்கள். லஞ்ச் ஷீட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. நாம் விட்டுப்போகும் வேதம் அதுதான்; படியெடுக்க ஆள் தேவையில்லை.

தெரியவில்லை என்று சொன்னால் அதிகாரிகள் கோபிப்பார்கள். ஏன், விதி இல்லையா? 2016 நவம்பர் 1 முதல் பிரித்துக் கொடுத்தால்தான் குப்பை எடுப்போம் என்று நாடு முழுவதும் அறிவித்தார்களே. பச்சையில் உக்குவது, நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்டிக், சிவப்பில் கண்ணாடி, மண்ணிறத்தில் உலோகம். என்ன அழகான வானவில்! 2017 செப்டம்பரில் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை, 2021இல் சின்னச் சஷேக்களுக்குத் தடை, 2023இல் ஸ்ட்ரோவுக்கும் இடியப்பத் தட்டுக்கும் தடை. வர்த்தமானி அடித்த கடதாசியை மட்டும் சேர்த்தாலே நீலக்கூடை நிரம்பிவிடும்.

நான் இருக்கும் தெரு எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன். நாட்டில் எந்தத் தெருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான் ஒரு பைத்தியக்காரன். தயிர்ச்சட்டியைத் தனியாக, பால்மா பெட்டியைத் தனியாக, மீன் செதிலைத் தனியாகக் கட்டி வாசலில் வரிசையாக வைப்பேன். பக்கத்து வீட்டார் ஒரே சொப்பிங் பேக்கில் பம்பஸ், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பல்பு, நேற்றைய சோறு எல்லாவற்றையும் சமத்துவமாகப் போட்டுக் கட்டி வைப்பார்கள். செவ்வாய்க்கிழமை டிராக்டர் வரும். என் மூன்று பையும் அவர்களின் ஒரு பையும் ஒரே பெட்டியில் விழும். மேலே ஏறி நின்று மிதித்துச் சமப்படுத்துவார்கள். ஒரு நாள் கேட்டேன், "ஏன் தம்பி, பிரிச்சுத்தானே வச்சிருக்கேன்?" அவன் சிரித்தான். "பெட்டி ஒண்ணுதானே ஐயா இருக்கு. நாங்க எங்க வைக்கிறது?"

இதைவிடச் சுருக்கமாக இந்நாட்டின் திண்மக்கழிவு முகாமைத்துவத்தை யாரும் விளக்கியதில்லை. ஐந்து நிறச் சுவரொட்டிக்குக் காசு உண்டு. டிராக்டர் பெட்டிக்குள் ஒரு தடுப்புப் பலகைக்குக் காசு இல்லை.

வழி தெரியாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அலுவிகாரைக்குப் பக்கத்திலேயே, மாத்தளையில், மாநகரசபையும் சேவனத்த நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவும் சேர்ந்து 2007இல் ஒரு சிறிய நிலையத்தைத் தொடங்கின. பங்களாதேஷில் சரிவந்த முறை. வீட்டிலேயே பிரித்த குப்பையை வாங்கி, உக்குவதைப் பசளையாக்கி, மீதியை விற்பது. வானத்திலிருந்து இறக்கவேண்டிய இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டாம். நம் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அதைப் பிரித்து எடுத்தாலே பாதி மலை கரையும். ஆனால் அந்த முறைக்கு ஒரே ஒரு வியாதி உண்டு. சமையலறையில் இருப்பவர் பிரித்தால்தான் பசளை வரும். கண்ணாடித்தூள் கலந்த பசளையை எந்தத் தோட்டக்காரன் வாங்குவான்?

மலை என்றேன். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பைமலை சரிந்து கீழே இருந்த வீடுகளை மூடியது. 32 பேர் செத்தார்கள். கட்டாயமாகப் பிரிக்கவேண்டும் என்ற விதிக்கு அன்று ஐந்தரை மாத வயது. பால் பொங்கும் நேரத்தில் குப்பை பொங்கிய நாடு அதற்குப் பிறகாவது வெட்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா? ஒரு வாரத்தில் வர்த்தமானி வந்தது: குப்பை அகற்றுதல் அத்தியாவசிய சேவை, அதைத் தடுப்பது குற்றம். செத்தது குப்பைக்குக் கீழே இருந்தவர்கள். எச்சரிக்கப்பட்டது, எங்கள் ஊரில் கொட்டாதே என்று கத்தியவர்கள்.

அந்த வருஷத்திலேயே இங்கிலாந்திலிருந்து கொள்கலன்கள் வரத் தொடங்கின. பாவித்த மெத்தையும் கம்பளமும், மீள்சுழற்சிக்காம். திறந்தால் ஆஸ்பத்திரிக் கழிவு. மொத்தம் 263 கொள்கலன்கள். கடைசித் தொகுதியைத் திருப்பி அனுப்ப 2022 ஆகிவிட்டது. சொந்தக் குப்பையைப் பிரிக்க நேரமில்லாத வீட்டுக்கு விருந்தாளி கொண்டுவந்த பலகாரம்.

மதத்தைத் தொட்டால் அடிப்பார்கள்; அதனால் இரண்டு மதத்தையும் தொடுகிறேன். வெசாக் தன்சலில் புண்ணியம் குடித்த பிளாஸ்டிக் கப் வீதியில். மாசிமகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வலம் வரும். தண்ணீர்ப்பந்தலில் நாம் குடித்த கப்பும் வீதியில். இந்த ஒரு விஷயத்திலாவது இன நல்லிணக்கம் பூரணமாக இருக்கிறது. விடிந்ததும் அதை அள்ளுகிறவனைப் பார்த்தால் நல்லிணக்கம் அதோடு நின்றுவிடும்.

ஏனென்றால் அள்ளுகிறவன் பெரும்பாலும் நம்மவன். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையும் அலுவிகாரையும் தாண்டி மலைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசு. வழியில் செத்து விழுந்தவர்கள் போக மிச்சம். சிலரைக் கோப்பித் தோட்டத்துக்கும், சிலரை வீதிக்கும், சிலரை நகரத்து மலக்கூடத்துக்கும் என்று வெள்ளைக்காரன் கனகச்சிதமாகப் பிரித்தான். கண்டி மகியாவையில் போய்ப் பாருங்கள், அந்தப் பிரிப்பு இன்னும் லயமாக நிற்கிறது. எந்தக் கூடையில் போட்டானோ அந்தக் கூடையிலிருந்து பேரனைக்கூட வெளியே எடுக்க நாம் விடவில்லை. சாதியைக் கலக்காமல் வைத்திருக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சிரட்டைக்குக் கொடுத்திருந்தால் மீதொட்டமுல்லை இருந்திருக்காது.

அந்தத் தம்பியின் டிராக்டருக்குப் பின்னால் ஒரு உரச்சாக்கு தொங்கும். மிதித்துக்கொண்டே போத்தலையும் தகரத்தையும் பொறுக்கி அதில் போடுவான். மாலையில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்பான். அவனிடம் கையுறை கிடையாது. போன செவ்வாய் பக்கத்து வீட்டுப் பையைத் தூக்கியபோது உள்ளே இருந்த பல்பு அவன் உள்ளங்கையைக் கிழித்தது. "ஐயா, பழந்துணி ஒண்ணு இருக்கா?" என்றான். கொடுத்தேன். துடைத்து, அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றதும் அந்தத் துணியை எதில் போடுவதென்று என் மூன்று பைகளையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு அதைத் தன் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தான்.