மைலேஜ் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் டார்ச்சும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால், திருடன் என்று வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டாம். டயருக்கு நாடி பிடித்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி முழுக்க நின்று ஆறிய டயர் காட்டுவதுதான் உண்மைக் காற்று. ஓடி வந்த டயர் சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூட்டிச் சொல்லும் என்பது அவர் கட்சி. கட்சி சரிதான். ஆனால் அதை அவர் விளக்கத் தொடங்குவது, நாம் லுங்கியோடு பால் பாக்கெட் எடுக்க இறங்கும் நேரம் பார்த்து.

மைலேஜ் மாமா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கோயம்புத்தூர் மில் ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு மில்லுக்குத்தான், கணக்குக்கு இல்லை. இந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு. நாம் புதுக் கார் வாங்கி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கோயில் வாசலில் நிற்கும்போது மற்றவர்கள் “நல்ல கலருங்க” என்பார்கள். இவர், “எத்தனை குடுக்குதுங்க?” என்பார்.

“இருபத்திரண்டுன்னு சொன்னாங்க.”

“யாரு, அந்தப் புனேக்காரங்களா?”

கார்கள் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று புனேயில் இருக்கும் அராய் நிறுவனம் சோதித்துச் சொல்கிறது. வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள். மாமா அதைக் குறை சொல்வதில்லை, ஒன்றே ஒன்று கேட்பார்: “அந்த உருளை மேல அவிநாசி ரோட்டு சிக்னல் வெச்சிருக்காங்களா?”

அவர் நம்புவது டைரியை மட்டும். நகைக்கடை இலவசமாகக் கொடுத்த டைரி. டேங்க்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறிப்பார். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பங்க்கில் பெட்ரோல் தானாக நின்றதும் பையன், “சார், 1,847 ஆச்சு, ரவுண்டா 1,900 போடட்டுங்களா?” என்பான். மாமா துள்ளிக் குதித்துக் குழாயைப் பிடித்துக்கொள்வார். தளும்பத் தளும்ப ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும் அல்லவா? பிறகு மூன்று ரூபாய்ச் சில்லறைக்காகக் காத்திருப்பார். பின்னால் ஆறு வண்டி.

அதிகாலைக் குளிரில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், அப்போது போட்டால் லாபம் என்றும் நம்புகிறார். பெட்ரோல் இருப்பது நிலத்துக்கு அடியில். மேலே விடிந்ததா என்று அதற்குத் தெரியாது. இதை அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் தவிர எதுவும் இருக்கக் கூடாது. வீணாகச் சுமக்கும் பாரத்துக்கும் பெட்ரோல்தான் கூலி. அத்தை ஊரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிய அன்று, “இருபத்தஞ்சு கிலோ” என்று இவர் முனகியிருக்கிறார். அத்தை அமைதியாகக் கதவைத் திறந்து, “நான் அறுபத்தெட்டுங்க, இறங்கிக்கட்டுமா?” என்றார். அந்தப் பயணத்தின் மைலேஜ் டைரியில் இல்லை.

ஒருமுறை ஊட்டியிலிருந்து அவர் வண்டியில் இறங்கினேன். குன்னூர் தாண்டியதும் நியூட்ரலில் போட்டுவிட்டு, “இனி மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓசிச் சவாரி” என்றார். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் இருபுறமும் வந்து போய்க்கொண்டிருந்தன. பின்சீட்டில் அத்தை மருதமலை முருகனில் தொடங்கி ஊர் ஊராக நேர்ந்துகொண்டிருந்தார். உண்மையில் ஓசியும் இல்லை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பெட்ரோல் அறவே நின்றுவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். பெட்ரோலும் செலவு, பிரேக்கும் சூடு, அத்தைக்கு நேர்த்திக்கடன் வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். போன மழைக்காலத்தில் என் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். அதிலிருந்து ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. நாமும் ஒருபக்கமாக ஓட்டிப் பழகிக்கொண்டோம். ஒரு ஞாயிறு மாமா என் முன்சக்கரத்தின் முன் உட்கார்ந்தார்.

“டயர் எப்படி இருக்குதுங்க தம்பி?”

“பட்டன் நல்லாத்தானே இருக்கு?”

“உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க.”

விட்டேன். வெளியே பளபளவென்று பட்டன் தெரிந்த டயர், உள்விளிம்பில் மொட்டை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் விரலில் கம்பி குத்தியது. அந்தப் பக்கம் சக்கரம் நேராக உருளாமல் ரோட்டில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. சில நூறு ரூபாய் அலைன்மென்ட்டை ஒத்திப்போட்டு, சில ஆயிரம் ரூபாய் டயரைத் தின்றிருந்தேன். “காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும், ஜாஸ்தின்னா நடுவுல தேயும். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா ஓட்டுறவன் தூங்குறான்னு அர்த்தம்” என்றார். கூடவே, வால்வில் பச்சை மூடியைப் பார்த்து, “நைட்ரஜனா? சும்மா அடிக்கிற காத்துலயே 78 பங்கு அதுதானுங்க. மிச்சத்துக்கா காசு குடுக்கறீங்க?” என்று என்னை முழுசாக முடித்துவைத்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவு 32 என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன்.

போன மாதம் அவரே என்னை டயர் கடைக்குத் துணைக்குக் கூப்பிட்டார். அதிசயம்தான். கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினார். கோடைக்குளத்து மண்போலப் பாளம் பாளமாக வெடிப்பு. ஓரத்தில் நான்கு இலக்கம்: 2315. அதாவது 2015இன் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்த டயர்.

“எத்தனை கிலோமீட்டருங்க ஓடியிருக்கு?”

“31,000” என்றார் மாமா, பெருமையாக.

“பட்டன் அப்படியே இருக்குதுங்க. ரப்பர் செத்துப்போச்சு. வெயில்லயே நின்னுதுங்களா?”

மாமா பதில் சொல்லவில்லை. டைரியை எடுத்தார், புரட்டினார், மூடினார். அதில் வெயிலுக்குப் பத்தி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “காத்து கரெக்டா வெச்சிருந்தேனே” என்றார், பொதுவாக யாரிடமோ.

புது டயர் எடுக்கும்போது பழைய தெம்பு வந்துவிட்டது. பன் வாங்கும்போது தேதி பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் உருட்டி வார எண் படித்தார். மூன்று மாதத்துக்கு முந்தையது என்றதும், “இதைவிடப் புதுசு இல்லீங்களா?” என்றார். பழைய நான்கையும் எடைக்குப் போட மாட்டேன் என்று டிக்கியிலும் பின்சீட்டிலும் திணித்துக்கொண்டு வந்தார். பாரத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

இந்த ஞாயிறு கீழே இறங்கினால், வேப்பமரத்தில் அதில் ஒன்றைக் கட்டித் தூரி போட்டிருக்கிறார். பட்டன் குறையாத டயரில் பிள்ளைகள் மூன்று பேர் தொங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். மாமா பக்கத்தில் நின்று அண்ணாந்து கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா ஆடுங்க சாமி. கயிறு தேயும்.”