மனமகிழ ஓர் அறை

ஏற்காட்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் லேடீஸ் சீட்டில் நின்றிருப்பார்கள். உட்கார இடம் கிடைத்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை ஒட்டியே ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். எல்லாம் பாறைகள். அந்தக் காலத்தில் ஒரு துரைசாணி சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து கீழே தெரியும் சேலத்தைப் பார்ப்பாராம். அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். துரைசாணி உட்கார்ந்ததில் எனக்கு வியப்பில்லை. துரைக்கு வேறு பாறை, பிள்ளைகளுக்கு வேறு பாறை என்று பிரித்தார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட, ஆண்கள் சுருட்டும் ஒயினுமாகத் தனியே இருப்பது அவர்கள் ஊர்ப் பெரிய வீட்டு வழக்கம். பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பு. ஏறக்குறைய 4,900 அடி உயரத்துக்கு ஏறி வந்த பிறகும் அந்த வழக்கத்தை விட மனமில்லாமல், மலைச்சரிவையே மூன்று அறைகளாகத் தடுத்துவிட்டார்கள்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபி வந்தது, எஸ்டேட் வந்தது, எஸ்டேட் பங்களா வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வேலைக்கு ஓர் அறை வேண்டும். சாப்பிட ஒன்று, படிக்க ஒன்று, வசதியிருந்தால் பில்லியர்ட்ஸ் ஆட ஒன்று. அறையைக் கட்டிவிட்டால் ஓய்வு தானாக வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. ஆனால் வந்து உட்கார்ந்தது அலுப்பு. 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்காலம் முழுக்க பில்லியர்ட்ஸ் ஆடிச் சலித்துப்போன அதிகாரிகள் மேஜைமேல் இன்னும் சில வண்ணப் பந்துகளை உருட்டிவிட்டு ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஸ்னூக்கர். கண்டுபிடித்தவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் அல்ல; அவருக்கு ஹிட்லர் வாய்த்தார், இவருக்கு மழை வாய்த்தது. 1882-இல் ஊட்டி கிளப்பில் அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். சுவரில் விதி ஏறிய நாளிலிருந்து பொழுதுபோக்கு அறையில் பொழுது போவது சிரமமாகிவிட்டது என்பது என் கணிப்பு.

நம் வீடுகளில் இருந்தது கூடம் ஒன்றுதான். மத்தியானம் அங்கே சாப்பாடு, சாயங்காலம் தாயம், ராத்திரி பாய். பெண் பார்க்க வந்தாலும் அங்கேதான், பங்காளிகள் பாகத்துக்கு வந்தாலும் அங்கேதான். விளையாட்டுக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. அதுவே இடம் பிடித்துக்கொண்டது. பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையைக் குனிந்து பார்த்தால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறியிருப்பது தெரியும். யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? வாங்கவில்லை. அதனால்தான் நிம்மதியாக ஆடியிருக்கிறார்கள்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பணத்தில் ஏற்காட்டில் ஒரு வில்லா வாங்கினார். கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி, ஏரியையும் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே வரிசையாகக் கட்டிய வீடுகள். “கிளப் ஹவுஸ் இருக்குது கண்ணு. டேபிள் டென்னிஸ், கேரம், லைப்ரரி எல்லாம் இருக்குது” என்றார். சித்தப்பா தன் வாழ்நாளில் டேபிள் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர் இல்லை. ஆனால் சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுத்தாகிவிட்டது. இனி தொட்டே ஆகவேண்டும்.

சாவி செகரட்டரியிடம். செகரட்டரி பெங்களூரில். அவர் மலையேறி வந்த ஒரு நாளில் அறையைத் திறந்து பார்த்தோம். ஏற்காட்டு மூடுபனிக்குக் கேரம் போர்டு நடுவில் வீங்கிச் சின்னதாக ஒரு சேர்வராயன் மலையே எழும்பியிருந்தது. எந்தக் காயை எங்கே அடித்தாலும் அது தானாக ஓரத்துக்கு இறங்கியது. போரிக் பவுடர் இட்லி மாவுப் பதத்தில் இருந்தது. லைப்ரரியில் பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்று, நீரிழிவோடு வாழ்வது பற்றி ஒன்று, யாரோ படித்து முடித்த நீட் தேர்வு வினா வங்கி ஒன்று. எல்லாவற்றிலும் பூஞ்சை. சுவரில் மட்டும் புத்தம் புதுப் பலகை:

செருப்புடன் உள்ளே வரக்கூடாது. ஷூ இல்லாமல் ஆடக்கூடாது. சத்தம் போடக்கூடாது. 12 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றி வரக்கூடாது. வாடகைக்கு இருப்போர் உரிமையாளரின் கடிதமின்றி மகிழக்கூடாது.

கடைசி விதியை ‘பயன்படுத்தக்கூடாது’ என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் கருத்தைச் சொல்கிறேன்.

இதற்காகச் செகரட்டரியைக் குறை சொல்லமாட்டேன். பொழுதுபோக்கைப் பூட்டிச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகுவது நம் பொதுவாழ்வின் பழைய ஏற்பாடு. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து டிவி அறை இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்தில் முதல் இரண்டு பாட்டு சாவி வைத்திருந்தவரைத் தேடுவதில் போய்விடும். 2006-இல் தொடங்கி அரசாங்கமே வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்த பிறகு அந்த அறைகளுக்கும் வேலை போய்விட்டது. சாவிக்காரர்களுக்குச் செல்வாக்கும் போய்விட்டது.

நகரங்களில் இதே அறைக்கு மனமகிழ் மன்றம் என்று போர்டு. உள்ளே பெரும்பாலும் சீட்டாட்டம். செகந்திராபாத்தில் ஒரு ரிக்ரியேஷன் கிளப்பில் ரம்மி ஆடியவர்கள்மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், ரம்மி முக்கியமாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் தீர்ப்பு வந்தது. மனம் மகிழ்வதற்குத் திறமை வேண்டும் என்று நாட்டின் தலைமை நீதிமன்றமே சொன்ன பிறகு நம்மைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை.

அந்தத் திறமை உள்ள ஒருவரை நான் கிளப் ஹவுஸிலேயே பார்த்தேன். வாட்ச்மேன் அண்ணன். பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். காபிப் பழம் பறிக்கும் சீசனில் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார், மற்ற மாதங்களில் இங்கே. அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. ஒரு மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தால், டேபிள் டென்னிஸ் மேஜைமேல் கம்பளியை விரித்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலை சுருட்டித் தலைக்கு வைத்திருந்தது.

“வலையைக் கழட்டலைன்னா இடுப்புல இடிக்குதுங்க சார்” என்றார் எழுந்ததும்.

அவர் வீட்டில் பொழுதுபோக்குக்கு என்ன வழி என்று கேட்டேன். “பொழுது சாஞ்சா குளிருங்க. எல்லாரும் அடுப்படிக்கு வந்துருவோம். பேசிக்கிட்டே கெடப்போம். அதுக்கெல்லாம் ரூம்பு கட்டுவாங்களா?” என்று சிரித்தார். கட்டடம் எழுப்பியவரும், வாங்கியவரும், விதி எழுதியவரும் செய்ய முடியாததை, அந்த அறையில் ஓய்வெடுப்பதை, அவர் ஒருவர்தான் செய்துகொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்த அறையில் மனமகிழ்ச்சியே இல்லை என்று சொன்னால் அது பொய். மாதம் ஒருமுறை அங்கேதான் அசோசியேஷன் கூட்டம் நடக்கிறது. புதிய கேரம் போர்டு வாங்குவதா, பழையதையே வெயில் வரும் நாளில் காயவைப்பதா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். பாதியில் மெயின்டனன்ஸ் பாக்கி வந்தது. பின்னாலேயே யார் வீட்டு நாய், யார் வீட்டு வாசலில் என்பதும் வந்தது. டீயும் மிளகாய் பஜ்ஜியும் வந்தன. யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. சேலத்தில் இருந்தவரை ஒன்பது மணிக்கே கண்ணைக் கசக்கும் சித்தப்பா, பதினொரு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து, “பைலாவை எடுங்க, பைலாவை!” என்று முழங்கினார். வீட்டுக்கு வரும்போது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

அடுத்த மாதம் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கூட்டங்களை வேறு இடத்தில் வைத்துக்கொண்டால் கிளப் ஹவுஸைப் பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்படுத்தலாம். அசோசியேஷன் வரலாற்றிலேயே முதன்முறையாக எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது.