பறக்கும் தட்டுக்குப் படையல்

மருமோன், உன்ர வீடியோவைப் பாத்தன். மகள் போனைப் பிடிச்சுக் காட்ட, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு முழுக்கப் பாத்தன். குரல் நல்ல கணீரெண்டு இருக்கு. கோணேசர் மலை வேற்றுக்கிரகத்து ஆக்கள் வந்து இறங்கின தளமாம். அங்க இருக்கிற இராவணன் வெட்டு, வாளால வெட்டினதில்லையாம், லேசராம். கன்னியாவில இருக்கிற ஏழு கிணறும் அவையின்ர கப்பல் எஞ்சினைக் குளிர வைக்கிற தொட்டியாம். சுடுதண்ணியை ஊத்தி எஞ்சினைக் குளிர்த்தின கெட்டிக்காரர் எந்தக் கிரகமோ தெரியாது. சீனக்குடாவில வள்ளத்து எஞ்சின் பாக்கிற பொடியனிட்டக் கேட்டன், அவன் ஸ்பானரைக் கீழ வைச்சிட்டுச் சிரிக்கிறான்.

நான் தடுக்க வரேல்ல. கிழவன் தடுத்தா இளசு நிக்கவா போகுது? செய்யிறதெண்டா ஒழுங்காச் செய், அதுக்கு நாலு புத்தி சொல்லத்தான் வந்தன். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேள்.

வேற உலகத்தில உயிர் இருக்கெண்டு சொல்லி எங்கட சனத்தை வெருட்டலாம் எண்டு மட்டும் நினைக்காத. வெருகல் முருகனிட்டயோ வேறெங்கயோ கந்தபுராணப் படிப்பு நடக்கேக்க ஒருநாள் போய் இரு. ஒருத்தர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். சூரபன்மன் ஆண்டது எத்தனை அண்டம்? 1008. எவ்வளவு காலம்? 108 யுகம். இந்திரஞாலம் எண்டு ஒரு தேர், நினைச்ச இடத்துக்குப் பறக்கும். அண்டத்தின்ர கணக்கைச் சொல்லவே அண்டகோசப் படலம் எண்டு தனியா ஒரு படலம் கிடக்கு. எங்கட ஆக்கள் இதையெல்லாம் பாயில குந்தி, தூணில சாஞ்சு, அரைத் தூக்கத்தில கேட்டவை. ஒருத்தரும் எழும்பி ஓடேல்ல. மணிவாசகர் திருவண்டப்பகுதியில அண்டங்களை நூற்றொரு கோடிக்கு மேல எண்டு எண்ணிப்போட்டு, சிவனுக்கு முன்னால அதெல்லாம் வீட்டுக்குள்ள விழுற வெயில் கீத்தில மிதக்கிற தூசி எண்டிட்டுப் போட்டார். நீ ஒரேயொரு தட்டைக் காட்டிப்போட்டு எங்களைத் திகைக்கச் சொல்லுறாய்.

கிண்ணியாவில என்ர கூட்டாளிக் காக்காவிட்டயும் விசாரிச்சன். வானங்களிலயும் பூமியிலயும் உயிர்களைப் பரப்பி வைச்சவன் அல்லாஹ் எண்டு அஷ்ஷூரா அத்தியாயத்திலயே இருக்கே, உங்கட மருமகனுக்கு இப்பதானோ தகவல் கிடைச்சது எண்டு கேக்கிறார். வேதக்காரரையும் விடேல்ல. ஒரு காலத்தில எங்கட திருகோணமலை சூசையப்பர் கல்லூரியை நடத்தின யேசு சபை இருக்கெல்லோ, அந்தச் சபைச் சாமிமார்தான் வத்திக்கான்ர வான் ஆய்வுக்கூடத்தையும் நடத்துகினம். அதுக்குத் தலைவரா இருந்த ஃபூனெஸ் சுவாமி 2008இல, வேற்றுக்கிரகத்தவனும் எங்களுக்குச் சகோதரன்தான் எண்டு சொன்னவர். 2014இல பாப்பரசர் பிரான்சிஸ் பிரசங்கத்திலயே கேட்டவர்: பச்சை நிறம், நீட்டு மூக்கு, பெரிய காதோட செவ்வாய்க்காரன் ஒருத்தன் வந்து ஞானஸ்நானம் தாங்கோ எண்டா என்ன செய்வியள் எண்டு. சிங்களப் பௌத்தச் சனத்துக்கோ சக்கரவாளம் எண்ட உலகக் கணக்கு அன்றாடப் பேச்சு. அநுராதபுரத்தில ரன்மசு உயனப் பாறையில வட்டம் வட்டமா ஒண்டு கீறிக்கிடக்கு. தொல்பொருள் ஆய்வாளர் பெல் துரை ஒரு நூறு வருசத்துக்கு முந்தி அதைப் பழைய காலத்து உலகப் படமா இருக்கலாம் எண்டவர். இப்ப உன்னைப்போல ஆக்கள் அதை நட்சத்திர வாசல் எண்டு போட்டு, திறப்பைத் தேடித் திரியினம்.

ஆக நாலு சமயத்தவரும் பாய் விரிச்சு வைச்சிருக்கினம். வாறவன்தான் வரக் காணேல்ல.

தனிக் கோயில் கட்டுற யோசினை ஏதும் இருந்தா அதையும் விடு. சேலத்தில மல்லமூப்பம்பட்டியில ஒருத்தர் முந்திட்டார். சிவன், முருகன், காளியோட சேர்த்து ஏலியன் சாமிக்கும் சிலை வைச்ச கதை 2024இல எல்லாப் பேப்பரிலயும் வந்தது. வேற்றுக்கிரகத்தாரிட்டயே அனுமதி வாங்கித்தான் கட்டினவராம். இஞ்ச ஒரு மதில் கட்டப் பிரதேச சபையில அனுமதி வாங்க எவ்வளவு நாள் இழுபடும், வேற்றுக்கிரகத்தில கந்தோர் வேலை சுறுக்காய் நடக்குது போல. எனக்கொரு சந்தேகம்தான்: படையலுக்கு என்ன வைக்கிறது? பொங்கல் வைச்சா அந்த வாயால தின்னுமோ?

சரி, உன்ர இராவணனுக்கு வாறன். 2019இல எங்கட சிவில் விமான அதிகாரசபைக்காரர் கட்டுநாயக்கவில கூட்டம் வைச்சு, உலகத்தில முதல் விமானம் ஓட்டினது இராவணன்தான் எண்டு முடிவு கட்டினவை. அடுத்த வருசம் பத்திரிகையில விளம்பரமும் போட்டவை, இராவணன் பறந்ததுக்கு ஆரிட்டையும் ஆதாரம் இருந்தா அனுப்பச் சொல்லி. முதல் முடிவு, பேந்து ஆதாரம். கலியாணத்தை முடிச்சுப்போட்டுச் சாதகம் கேட்ட மாதிரி. அந்த 2019இலதான் இலங்கையின்ர முதல் செய்மதியும் ஏறினது, அதுக்கும் பேர் இராவணா-1. அது மெய்யான சாமான். எங்கட நாட்டு இளம் பொறியியலாளர் ரெண்டு பேர் யப்பானில கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில இருந்து செய்து, அமெரிக்க ரொக்கெட்டில ஏத்தி, சர்வதேச விண்வெளி நிலையத்தில இருந்து யூன் மாதம் விட்டவை. கையுக்க அடங்கிற பெட்டி. அதைப்பற்றி நீ ஒரு வீடியோ போட்டியோ? போடமாட்டாய். செய்தவையின்ர பேரும் தெரியும், செய்த விதமும் தெரியும், பேந்தென்ன மர்மம் இருக்கு.

புஷ்பக விமானத்தைப்பற்றிப் பெருமையாச் சொல்லேக்க ஒரு விசயத்தை மறந்திட்டாய். அது குபேரன்ர. தமையனை அடிச்சுக் கலைச்சுப்போட்டுப் பறிச்சது. உலகத்தின்ர முதல் விமானி எங்கட ஆளோ இல்லையோ, முதல் வாகனக் களவு எங்கட கணக்கில நிக்குது. பெருமைப்படு, ஆனாப் பொலிசுக்குக் கேக்காமப் படு.

வைமானிக சாஸ்திரம் எண்டு ஒரு புத்தகத்தையும் தூக்கிக் காட்டினாய். பரத்துவாச முனிவர் எழுதினதெண்டு. மருமோன், அது ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி எண்டவர் 1918இல இருந்து 1923 மட்டும் வாயால சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினது. 1974இல பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்து ஆக்கள் அஞ்சு பேர் இருந்து, படத்தைப் பாத்து, பாரத்தைக் கணக்குப் பாத்து, இதுகள் ஒண்டும் எழும்பாது எண்டு எழுதி வைச்சிட்டினம். கேக்கிறவன் கேனையனா இருந்தா எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் எண்டு சும்மாவே சொன்னவை?

இனிச் சொல்லப்போறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேள். கோணேசர் கோயில் கல்லை மனுசரால செதுக்கியிருக்க ஏலாது எண்டாய். இந்தக் கதையைப் பெரிசா ஓட்டி விட்டது டேனிக்கன் எண்டு சுவிஸ் நாட்டில ஹோட்டல் பாத்த ஒருத்தர், 1968இல. எகிப்துக்குப் போனா வானத்தார் கட்டினது, பெருவுக்குப் போனா வானத்தார் கீறினது. தன்ர ஊர்ப்பக்கம் மாதாகோயில் கோபுரத்தை அண்ணாந்து பாக்கேக்க மட்டும் அந்தச் சந்தேகம் வரேல்ல. அவருக்கு வந்த வியாதி உனக்கேன்டா? கல்லுச் செதுக்கின எங்கட ஆசாரிமாரின்ர கூலியைத் தூக்கி வேற கிரகத்துக்குக் குடுக்கிறாய். பிரட்றிக் கோட்டை வாசலால உள்ள போகேக்க, மான் மேயிறதைப் படம் எடுக்கிற நேரத்தில கல்லையும் ஒருக்காப் பார். மீன் செதுக்கியிருக்கு, தமிழ் எழுத்து இருக்கு. சூரியனைத் தாண்டி வந்தவனுக்குக் கயல்மீனில என்ன ஆசை?

அந்தக் கோயிலை இடிச்சதும் ஆகாயத்தார் இல்லை. 1620களில போர்த்துக்கேயன் இடிச்சான், கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினான், மிச்சம் கடலுக்க போச்சுது. தெரியாத கப்பலில, தெரியாத ஆயுதத்தோட, தன்ர சாமியையும் கொண்டு வந்து இறங்கிறவன் எப்பிடியிருப்பான் எண்டு எங்கட துறைமுகத்துக்கு ஆரும் படம் காட்டத் தேவையில்லை. போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீசுக்காரன் எண்டு வரிசையா வந்தவை. 1942 சித்திரையில யப்பான்காரன் ஆகாயத்தாலயும் வந்து குண்டு போட்டிட்டுப் போனான். இனி ஒருத்தன் தட்டில வந்தாலும் முதல் கேக்கப்போறது துறைமுகம் எங்கயெண்டுதான். எண்ணெய்க் குதத்துக்கு ஏற்கனவே ஆள் இருக்கெண்டு சொல்லி விடு.

கடலுக்க போன கல்லைக் கண்டுபிடிச்சது ஆர்? அதுதான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம். விண்வெளிக் கதை எழுதின ஆதர் சி. கிளார்க். 1956இல இஞ்ச வந்து, கோணேசர் மலைக்குக் கீழ முத்துக்குளிக்கிறவன் மாதிரி மூழ்கித் தூணையும் சிற்பத்தையும் கண்டவர். அதுக்கு முன்னமே 1953இல ஒரு நாவல் எழுதினவர்: வேற்றுக்கிரகத்தார் வருவினம், 50 வருசம் முகத்தைக் காட்டாயினம், காட்டேக்க பாத்தா கொம்பும் வாலும் செட்டையும், அப்பிடியே பேய். இன்னொரு கதையில யேசு சபைச் சாமி ஒருத்தர் விண்கப்பலில போய், பெத்லகேம் நட்சத்திரத்தைப்பற்றித் தெரிஞ்சுகொண்டு விசுவாசம் ஆடிப்போய் நிப்பார். 1979இல எங்கட தீவையே கொஞ்சம் தள்ளி வைச்சு எழுதின நாவலில, வானத்தால ஒரு கப்பல் கடந்து போகும். அது சொன்ன நியாயத்தில உலகத்துச் சமயங்கள் படுத்திடும்.

மனுசன் அப்பிடி எழுதினார். அவரோட சேர்ந்து இதே கடலுக்க மூழ்கின கூட்டாளி மைக் வில்சன் எண்ட வெள்ளைக்காரன் என்ன செய்தார் தெரியுமோ? முதல் 1962இல ‘ரன்முத்து தூவ’ எண்டு சிங்களத்தில முதல் கலர்ப் படம் எடுத்தார், அதுவும் கோணமலைக் கடலுக்கடியில புதையல் தேடுற கதை. பேந்து உள்ளதெல்லாத்தையும் விட்டிட்டுக் கதிர்காமக் கந்தனிட்டப் போய்ச் சுவாமி சிவ கல்கி ஆகிட்டார். ஒரே தண்ணி, ஒரே கல்லு, ஒரே காத்துச் சிலிண்டர். ஒருத்தர் சாமி இல்லை எண்டு கடைசி மட்டும் நிண்டார், மற்றவர் சாமியாரானார். வேற்றுலகத்தான் வந்தா சமயம் விழுமோ நிக்குமோ எண்டு கேக்கிறவைக்கு நான் இந்த ரெண்டு பேரையும் காட்டி விடுறது.

கிளார்க் பறக்கும் தட்டுக்கதையை நம்பின ஆளும் இல்லை. 90ஆவது பிறந்தநாளுக்கு, 2007 மார்கழியில, மூண்டு ஆசை சொன்னவர்: வேற்றுக்கிரகத்தார் ஒருக்காத் தொடர்பு கொள்ள வேணும், உலகம் எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு மாற வேணும், இலங்கையில நிரந்தரச் சமாதானம் வரவேணும். 2008 பங்குனியில, சமயக் கிரியை ஒண்டும் வேண்டாம் எண்டு எழுதி வைச்சிட்டுப் போய்ச் சேந்தார். அடுத்த வருசம் சண்டை நிண்டுது. எப்பிடி நிண்டதெண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோல் இன்னும் வரேல்ல.

இரவில கடலுக்குப் போறவை வானத்தில வெளிச்சம் கண்டதா நீ சொன்னது மட்டும் பொய்யில்லை, நானும் கண்டிருக்கிறன். வடக்க சிறீஹரிக்கோட்டா கிடக்கு. தென்துருவப் பக்கம் விடுற ரொக்கெட் நேர வந்தா இலங்கைக்கு மேலால போகவேணும். அதால கிழக்கால ஒரு வளைவு வளைச்சுக் கொண்டுபோகினம், எரிபொருளும் நட்டம். அந்த நட்டத்தை மிச்சம் பிடிக்கத்தான் குலசேகரப்பட்டினத்தில புதுத் தளத்துக்கு 2024 மாசியில அத்திவாரம் போட்டவை. அனுமார் நேரா வந்து எரிச்சுப்போட்டுப் போனவர். இப்பத்தையான் மரியாதையா விலத்திப் போறான், நீ அதையும் வேற்றுக்கிரகம் எண்டுறாய். 2015 கார்த்திகையில தெற்குக் கடலில ஒண்டு விழப்போகுதெண்டு வள்ளங்களை மறிச்சவையெல்லோ? அது மனுசர் ஏவிவிட்ட பழைய குப்பை. 2012 கடைசியில பொலநறுவையில விழுந்த கல்லுக்க வேற்றுலகப் பாசி இருக்கெண்டு சந்திரா விக்கிரமசிங்க சொன்னார், பெரிய படிப்பாளிதான். அது விண்கல்லே இல்லை, பாசியும் எங்கட குளத்துப் பாசி எண்டு மற்ற விஞ்ஞானிகள் சொல்லிட்டினம்.

பகிடியை ஒருக்கா நிப்பாட்டிச் சொல்லுறன். 1997இல அமெரிக்காவில ஒரு கூட்டம், வால்வெள்ளிக்குப் பின்னால கப்பல் வருது, அதில ஏறவேணும் எண்டு 39 பேர் உயிரை விட்டவை. உன்ர வீடியோவுக்குக் கீழ, ‘என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ’ எண்டு எழுதுற பொடியளை நீ சிரிச்சுக்கொண்டு வாசிக்காத. அவையளுக்கு மறுமொழி எழுது.

கன்னியாக் கதையை அடுத்த பாகத்தில இருந்து வெட்டிவிடு. அங்க ஆருடைய கிணறு, ஆருடைய கோயில் எண்டு ஏற்கனவே வழக்கு. மூண்டாம் தரப்பா ஒரு பச்சை மூஞ்சியைக் கொண்டுபோய்ச் சாட்சிக் கூண்டில ஏத்தாத. தொல்பொருள் திணைக்களம் அவனுக்கும் ஒரு பலகை நட்டுவிடும்.

ட்ரோன் வாங்கிட்டியாம், மலைக்கு மேலால பறக்க விட்டுப் படம் பிடிக்கப்போறியாம். கோயிலுக்குப் போற பாதை கோட்டைக்குள்ளால, உள்ள ஆமி. பாதுகாப்பு அமைச்சிட்டக் கேக்க வேணும், சிவில் விமான அதிகாரசபையில பதிஞ்சு அனுமதியும் எடுக்க வேணும். ஓம், அதே அதிகாரசபைதான். படிவத்தைக் குடுக்கேக்க மெதுவா ஒரு கேள்வி கேட்டுப்பார்: இராவணன் எந்தக் கவுண்டரில நிண்டவர், அவருக்கு எத்தினை நாளையில குடுத்தவை?