போட்ட காசை எடுப்பவர்

போட்ட காசை எடுப்பவர் என்று அறியப்படும் குடும்பத் தலைவர் வடசென்னையின் மணலி புதுநகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலையிலோ உரத் தொழிற்சாலையிலோ ஒப்பந்த ஊழியர். மூன்று ஷிப்ட், வார ஓய்வு செவ்வாயோ புதனோ, மேஸ்திரி மனம் வைத்தபடி. ஓரிடத்துக்கு அடிக்கடி போகப் போக, ஒரு தடவைக்கான செலவு குறைந்துகொண்டே வரும் என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. போகாமலே இருந்தால் செலவே இல்லை என்ற கோணம் இவர் கணக்கில் வருவதில்லை.

இந்தக் கணக்கை இவருக்குக் கற்றுக்கொடுத்தது மாநகரப் பேருந்தின் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ். விருப்பம்போல் பயணம் செய்யலாம் என்பதை இவர் விருப்பமாக எடுத்துக்கொள்வதில்லை, கடமையாகவே எடுத்துக்கொள்வார். ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டால், அந்த மாதக் கடைசி ஓய்வு நாளன்று பாரிமுனை வரை போய், எதையும் வாங்காமல் திரும்பி வந்து, “இன்னிக்கு மட்டும் அறுபது ரூவா மிச்சம்” என்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசே கொடுக்காமல் போய்வரும் மனைவி இதற்குப் பதில் சொல்வதில்லை.

அடுத்ததான கேளிக்கைப் பூங்காப் பாஸ் ஆசை வெளியூரிலிருந்து வரும். சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் மச்சான், செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசலில் பெரிய உருண்டைக்கு முன்னால் நின்று படம் அனுப்புவார். கூடவே, “வருஷத்துக்கு ஒரே பாஸ் மாமா, எத்தினி வாட்டி வேணா போலாம்” என்று ஒரு குரல் செய்தியும் வரும். அன்றிரவு இவருக்குத் தூக்கம் போச்சு. விசாரித்ததில், கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டு ஆண்டுப் பாஸை அம்மாநிலத்தவருக்கு மாதத் தவணையிலேயே கொடுக்கிறது என்றும் தெரியவரும். விலை குறைந்த பாஸ்களுக்குக் கூட்டம் அலைமோதும் விடுமுறை நாள்களில் அனுமதி இல்லை என்ற அடிக்குறிப்பு மட்டும் இவர் காதில் ஏறாது. மின்விசிறியும் ரேடியோவும் தவணையில் வாங்கச் சென்னைக்குப் பழக்கியவர்களில் முதல் பெயர் வி.ஜி. பன்னீர்தாஸ். அதே குடும்பம்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் பூங்காவும் நடத்துகிறது. ரேடியோவைத் தவணையில் கொடுத்த கை ராட்டினத்தை ஏன் தவணையில் கொடுக்கவில்லை என்பது இவருடைய தீராத மனக்குறை.

ஊர் அமைப்பும் இவருக்கு எதிரி. சென்னையில் உற்பத்தியை வடக்கே வைத்தார்கள், உல்லாசத்தைத் தெற்கே வைத்தார்கள். எண்ணூரில் அனல் மின்நிலையம், மணலியில் 1969 முதல் பெட்ரோலியச் சுத்திகரிப்பு. ராட்டினங்களோ ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு, தாம்பரம், செம்பரம்பாக்கம் என்று தெற்கும் மேற்குமாகவே முளைத்தன. 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவும் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில்தான். வடசென்னைக்காரர் ஒரு சறுக்கலில் சறுக்க மாநகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். இந்தப் பயணச் செலவும் கணக்கில் சேரும் என்று மனைவி நினைவூட்டினால், “அது தனி ஹெட்டு” என்பார்.

ஒருநாள் சீட்டுகளைத் தாமே ஆண்டுப் பாஸாகக் கட்டிக்கொள்வதில்தான் இவருடைய திறமை முழுவதும் வெளிப்படும். தீபாவளி பண்டு பாணியில் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து மாதச் சீட்டு போடும்; கூட்டமாகப் போனால் கட்டணம் குறையுமே. வார நாளில் விலை குறைவு என்பதால் செவ்வாய்க்கிழமை ஓய்வு திடீரென்று வரமாகிவிடும். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் காய்ச்சல் கடிதம் போகும். குளத்தில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை, நைலான் வேண்டும். அதைப் பூங்காக் கடையில் வாங்குவது தோல்வி என்பதால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரண்டு அளவு பெரிதாக வாங்குவார், மூன்று வருடம் வருமே. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்பதால், காலை ஒன்பதரை மணிக்கு வாசல் மரத்தடியில் ஒரு தூக்குப் புளிசாதம் தீர்க்கப்படும். இந்தச் சாப்பாட்டைக் காலைச் சாப்பாடு என்பதா மதியச் சாப்பாடு என்பதா என்று குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமானது உயரக் கணக்கு. குழந்தைச் சீட்டுக்குப் பல பூங்காக்கள் வயதைக் கேட்பதில்லை. கோலை நட்டு அளக்கின்றன. வொண்டர்லாவில் 140 சென்டிமீட்டர் தாண்டினால் பெரியவர். எனவே இவர் வீட்டு நிலைக்கதவில் பென்சில் கோடுகள் இருக்கும். மற்ற வீடுகளில் பிள்ளை வளர்ந்தால் பாயசம், இங்கே பதற்றம். 138ஐத் தொட்ட மகளுக்கு ஆயா தினமும் முட்டை கொடுப்பதைக் கண்டு, “ஏம்மா, மே மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?” என்று கெஞ்சுவார். வாசலில் மகளுக்குக் கடைசி அறிவுரை: “கொண்டை வேணாம், பின்னல் போட்டுக்கோ கண்ணு. தோளைக் கொஞ்சம் தளத்திவுடு.”

உள்ளே போனதும் இவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார். சீட்டின் பின்புறம் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு கோடு. பதினோராவது கோட்டில் மகன் வாந்தி எடுப்பான். “வயிறு லேசாயிடுச்சுல்ல? இப்ப ஏறு, ஒண்ணும் ஆவாது.” இவர் மட்டும் எதிலும் ஏறமாட்டார், தலைசுற்றல். பெட்டக வாடகை மிச்சம் என்று குடும்பத்தின் ஆறு பைகளுக்கும் நடுவே நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் மனைவி அந்த ஆண்டின் ஒரே கேள்வியைக் கேட்பார்: “பையைப் பாத்துக்கறதுக்கா உங்களுக்கு முழு டிக்கெட்டு வாங்குனீங்க?” பதிலாக 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்த பூங்கா ஜிஎஸ்டி மறு ஜனவரியிலேயே 18 ஆகக் குறைந்த வரலாறு சொல்லப்படும்.

இவருடைய ஆண்டுக்கு உண்மையில் பத்து மாதம்தான். கார்த்திகை அடைமழையில் பூண்டி நீரைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு பெருகும். 2021 நவம்பரில் மணலி புதுநகருக்குள்ளேயே படகு வந்தது. அந்தத் தண்ணீருக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, உயரக் கட்டுப்பாடும் இல்லை. அப்படி வெள்ளம் வந்த வருடம் சீட்டுப் பணம் பீரோவுக்கும் மிக்சிக்கும் போய்விடும். அந்த வருடக் கணக்கை மட்டும் இவர் யாரிடமும் சொல்வதில்லை.

மகள் 140ஐத் தாண்டியதும் சிலர் ஓய்ந்துவிடுவது உண்டு. தேர்ந்தவர்கள் ஓய்வதில்லை. ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி, கல்லூரி அடையாள அட்டைக்குத் தள்ளுபடி, மூத்த குடிமக்களுக்கும் சலுகை என்று புதிய வாசல்கள் திறக்கும். மகளின் மேற்படிப்பில் இவருக்குத் திடீர் அக்கறை பிறக்கும். பொன்னேரியிலிருக்கும் மாமியாருக்கும் பலமுறை அழைப்பு போகும். மாமியார் வந்தால் பைகளைக் காக்கும் வேலை அவர் கைக்கு மாறும். தம் சீட்டுக் காசை எடுக்க வேறு வழியில்லாமல் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதன்முறையாக ராட்டினத்தில் ஏறுவார்.