ஐந்தொகை அண்ணாச்சி

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயலும், மாதந்தோறும் தவறாத பென்ஷனும், கையைவிட்டுப் போன காசு எந்த வழியாகப் போயிற்று என்று எழுதி முடித்தாலன்றி உறக்கம் கொள்ளாத சித்தமும் வாய்க்கப்பெற்ற ஒரு வகை மனிதர் உண்டு. அவரை ஐந்தொகை அண்ணாச்சி என்று அழைப்போம். செலவைக் குறைக்கும் சங்கற்பம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. செலவு பதிவாக வேண்டும், அவ்வளவே.

நெடுங்காலமாக அவர் கணக்கெழுதியது 'மைக்ரோசாஃப்ட் மணி' என்னும் மென்பொருளில். 2009-ஆம் ஆண்டில் அதன் விற்பனை நின்றது. மறு ஆண்டில் இலவசமாக ஒரு கடைசிப் பதிப்பு வந்தது. பிறகு உலகம் அதை மறந்தது. அண்ணாச்சி மறக்கவில்லை, வைதுகொண்டே எழுதினார். செலவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று அது கேட்கும்போதெல்லாம், சீமைச் சரக்குக்குக் கார், பிசானம் என்னும் நெல் பருவமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பொருமி, விதைநெல், கோயில் கட்டளை, கல்யாண மொய், பத்தமடைப் பாய் அனைத்தையும் 'இதர' என்று பதிவார். வருஷ முடிவில், இந்தக் குடும்பத்தின் பெருஞ்செலவு 'இதர' என்று அது வண்ணப்படம் வரைந்து காட்டும். அப்போது அவருக்கு வரும் கோபத்தில் திருப்தியும் சற்றுக் கலந்திருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வருஷம் துணிந்து, இலவசமாகக் கிடைக்கும் 'க்னூகேஷ்' என்பதற்கு மாறினார். 1494-இல் லூக்கா பச்சோலி என்ற துறவி வெனிஸ் நகரில் அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறையை அப்படியே அனுசரிப்பது அது. ஓரிடத்தில் குறைந்த ரூபாய் மற்றோரிடத்தில் ஏறியாக வேண்டும், ஏறிய இடத்தைச் சொல்லாவிட்டால் 'சமனின்மை' என்று தானே ஒரு கணக்கைத் திறந்து, அதில் தள்ளிவிடும். பழைய 'இதர'வெல்லாம் கரையேறிய இடம் அதுவே.

பழைய கணக்கை விட மனம் வராதது பரம்பரை வியாதி. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது, ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்ற அந்தக் காலை விட்டுவிட மனமின்றி, அவர் தகப்பனார் வெகுகாலம் இரண்டு பேரேடுகள் எழுதினாராம்.

"என்ன அண்ணாச்சி, புதுக் கணக்கு சரியாயிட்டா?"

"எங்கவே! பழசுக்கும் புதுசுக்கும் நாப்பத்தேழு ரூவா இடிக்கி."

"பழசை அழிச்சிர வேண்டியதுதான?"

"அழிச்சிட்டா, இது தப்புன்னு எதை வச்சுவே சொல்லுவேன்?"